பள்ளியில் ஜெப அறை: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

தமிழ் மண்ணில் மிஷன் பள்ளிகளுக்கு முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1706இல் தரங்கம்பாடியில் கரையிறங்கிய சீகன்பால்க், வந்த சில ஆண்டுகளிலேயே தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தத் தொடங்கிவிட்டார். இன்று பாளையங்கோட்டை, நாகர்கோவில், திருச்சி, சென்னை என்று எங்கே போனாலும் கிறிஸ்தவப் பள்ளி வளாகத்தில் ஓர் ஆலயமோ, சிற்றாலயமோ, மாதா கெபியோ கண்ணில் படும். காலையில் ‘பிரேயர்’ தவறாமல் நடக்கும். ஆனால் மதிய இடைவேளையில் ஒரு மாணவிக்குப் பத்து நிமிடம் தனியாக உட்கார்ந்து மனதிலிருப்பதைக் கடவுளிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தால், அவள் எங்கே போவாள்? பல வளாகங்களில் ஆலயக் கதவு அந்நேரம் பூட்டியிருக்கும். காலைப் பிரேயரோ, வரிசையில் நின்று ஒலிபெருக்கியில் இன்னொருவர் சொல்வதைக் கேட்பதோடு முடிந்துவிடும்.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஜெப அறை. இங்கிலாந்தில் ‘24-7 பிரேயர்’ இயக்கத்தார் பள்ளிகளோடு சேர்ந்து இதை ஒரு வழக்கமாகவே வளர்த்திருக்கிறார்கள். ஒரு வகுப்பறையைச் சில நாட்களுக்கு ஒதுக்கி, நன்றி, வருத்தம், மன்னிப்பு, பிறருக்கான வேண்டுதல் என்று சின்னச் சின்ன மூலைகளாக அமைக்கிறார்கள். பிள்ளைகள் தங்கள் போக்கில் வந்து, எழுதி, தொட்டு, செய்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அங்கே யாரும் பிரசங்கம் செய்வதில்லை. நம் பள்ளிகளுக்கும் இது ஒத்துவரும். நாம் பெரிதாகச் செலவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் கவனம் நிறைய வேண்டும். நல்ல எண்ணத்தோடு தொடங்கும் அறைகூட, பெரியவர்களின் ஆர்வக்கோளாறால் பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடக்கூடும்.

தாளாளர்கள், தலைமையாசிரியர்கள், ஆசிரியர்கள், திருச்சபையிலிருந்து உதவிக்கு வரும் இளைஞர்கள் ஆகியோருக்காக இந்தப் பட்டியலை எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் விதி ஒன்றுதான்: உள்ளே வருவதும், வந்தபின் ஜெபிப்பதும், ஜெபிக்காமல் எழுந்து போவதும் பிள்ளையின் விருப்பம். விருப்பமில்லாமல் செய்யவைத்த ஜெபம் ஜெபமே அல்ல.

1. தொடங்கும் முன்

முதலில் சட்டம். அரசியலமைப்பின் 30(1)ஆம் பிரிவு, சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்வி நிறுவனங்களைத் தொடங்கி நடத்த உரிமை தருகிறது. அதற்கு முன்பே 28ஆம் பிரிவு எல்லைகளை வகுத்துவிடுகிறது. முழுக்க அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் மத போதனை கூடாது என்கிறது 28(1). அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற நிறுவனத்தில் படிக்கும் எவரையும், அவருடைய சம்மதம் இல்லாமல் மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்லக்கூடாது என்கிறது 28(3). படிப்பவர் 18 வயதுக்கு உட்பட்டவரானால் சம்மதம் தர வேண்டியவர் பெற்றோர் அல்லது பாதுகாவலர். நம் மிஷன் பள்ளிகள் ஏறக்குறைய எல்லாமே இந்த 28(3)க்குள் வருபவை.

செய்யுங்கள்

- பெற்றோருக்குத் தமிழில் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். அறை எதற்கு, எந்த நேரத்தில் திறந்திருக்கும், உள்ளே என்னென்ன இருக்கும், யார் பொறுப்பு என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். இது கிறிஸ்தவ நம்பிக்கையின் அடிப்படையில் அமைந்த அறை என்பதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். ‘சம்மதம்’, ‘சம்மதமில்லை’ என்று இரண்டு கட்டங்களும் ஒரே அளவில் இருக்கட்டும்.
- கையெழுத்தான படிவங்களை அலுவலகக் கோப்பில் பத்திரமாக வையுங்கள். ஆண்டுதோறும் புதிதாக வாங்குங்கள்.
- திறப்பதற்கு முன் எல்லா ஆசிரியர்களையும் அழைத்து அறையைக் காட்டுங்கள். பிற சமய ஆசிரியர்களின் கருத்தை முதலில் கேளுங்கள். பெற்றோருக்கு எழக்கூடிய ஐயங்களை அவர்கள்தான் முன்கூட்டியே சொல்வார்கள்.
- பொறுப்பாசிரியர்கள் இருவரை நியமியுங்கள். பள்ளியில் மாணவிகள் இருந்தால் ஒருவராவது ஆசிரியையாக இருக்கட்டும்.

செய்யாதீர்கள்

- அரசுப் பள்ளியில் இந்த அறையை அமைக்க முயலாதீர்கள். அங்கே படிக்கும் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு ஊர் ஆலயத்தில் மாலை நேரத்தில் இடம் கொடுங்கள்.
- ‘சேர்க்கை விண்ணப்பத்திலேயே கையெழுத்து வாங்கிவிட்டோமே’ என்று இருந்துவிடாதீர்கள். பிள்ளைக்கு இடம் கிடைத்தால் போதும் என்ற பதற்றத்தில் போட்ட கையெழுத்தை மனமுவந்த சம்மதம் என்று சொல்ல முடியாது.
- ‘ஒழுக்கக் கல்வி’, ‘யோகா’, ‘ஆளுமைப் பயிற்சி’ என்று வேறு பெயர் சூட்டி ஜெபத்தை உள்ளே கொண்டுவராதீர்கள். மறைத்துச் செய்வது சட்டத்துக்கும் ஆகாது, சுவிசேஷத்துக்கும் ஆகாது.

2. அறையும் நேரமும்

செய்யுங்கள்

- பயன்படாமல் கிடக்கும் வகுப்பறையோ நூலகத்தை ஒட்டிய சிற்றறையோ போதும். வெள்ளையடித்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, பாய் விரியுங்கள். தரையில் உட்கார முடியாத பிள்ளைகளுக்கு நாலைந்து நாற்காலி போடுங்கள். சக்கர நாற்காலி வர வழி இருக்கிறதா என்று பாருங்கள்.
- கதவில் கண்ணாடி இருக்கட்டும், அல்லது கதவு திறந்தே இருக்கட்டும். உள்ளே நடப்பது தாழ்வாரத்தில் போகிறவர் கண்ணில் பட வேண்டும், ஆனால் பேச்சு அவர் காதில் விழக்கூடாது.
- ஒரு சிலுவை, ஒரு செடி, தமிழ் வேதாகமம் ஒன்றிரண்டு. இவ்வளவே போதும். பழைய மொழிபெயர்ப்பு பிள்ளைகளுக்குக் கடினமாக இருந்தால், கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து உருவாக்கி 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வையுங்கள்.
- காலை மணி அடிப்பதற்கு முன் 20 நிமிடம், மதிய இடைவேளையில் 30 நிமிடம் என்று நேரத்தை வரையறுத்துக் கதவில் எழுதி ஒட்டுங்கள்.
- ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். கூட்டம் சேர்ந்தால் அமைதி போய்விடும்.

செய்யாதீர்கள்

- மெழுகுவத்தி, ஊதுவத்தி, சாம்பிராணி கூடாது. தீ ஆபத்து ஒரு புறம், இளைப்பு உள்ள பிள்ளைகளுக்கு மூச்சுத்திணறல் மறு புறம். பேட்டரியில் எரியும் சிறு விளக்கு போதும்.
- ஒலிபெருக்கி, கீபோர்டு, பாட்டுப்பெட்டி எதுவும் வைக்காதீர்கள். இந்த அறையின் சிறப்பே அமைதி. ‘இளம்பிள்ளைகள் சும்மா உட்கார மாட்டார்கள்’ என்று நாமாக முடிவு செய்ய வேண்டாம். பிரான்சில் 1940இல் தொடங்கிய தேசே துறவியர் குழுவின் வழிபாட்டில் நீண்ட மௌனத்துக்கு இடம் உண்டு. பல நாடுகளிலிருந்து அங்கே திரண்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள்தாம்.
- நரகத்தின் தீ, பேய், இரத்தம் தோய்ந்த காட்சிகள் கொண்ட படங்களை மாட்டாதீர்கள்.
- உண்டியல் வைக்காதீர்கள். காணிக்கைக் கவரை நீட்டாதீர்கள்.
- நன்கொடையாளர் பெயர்ப்பலகையை உள்ளே பதிக்காதீர்கள்.

3. பிள்ளைகள் செய்து பார்க்கும் மூலைகள்

சும்மா கண்ணை மூடி உட்காரச் சொன்னால் பெரியவர்களுக்கே மனம் அலைபாயும். கைக்கு ஒரு வேலை கொடுத்தால் பிள்ளையின் மனம் தானாக அடங்கும். நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே ஐந்து மூலைகளை அமைக்கலாம்.

செய்யுங்கள்

- நன்றி மூலை: ஒரு மண் தொட்டியில் காய்ந்த கிளையை நட்டு, பக்கத்தில் இலை வடிவில் வெட்டிய தாளும் நூலும் வையுங்கள். இன்று நன்றி சொல்லத் தோன்றும் ஒன்றைப் பிள்ளை எழுதிக் கட்டட்டும். ‘அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டது’, ‘இன்னிக்கு முட்டை போட்டாங்க’ என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம். எழுத்துப்பிழையைத் திருத்த வேண்டாம்.
- வருத்த மூலை: சிலேட்டும் குச்சியும் ஈரத்துணியும் வையுங்கள். செய்ததை நினைத்து வருந்தும் பிள்ளை அதை எழுதி, கடவுளிடம் சொல்லி, தன் கையாலேயே அழித்துவிடலாம். யாரும் படிக்கப் போவதில்லை என்று சுவரில் எழுதி வையுங்கள்.
- பாரம் இறக்கும் மூலை: ஒரு கூடையில் கூழாங்கற்கள், பக்கத்தில் அகலமான பாத்திரத்தில் தண்ணீர். கவலையை நினைத்துக் கல்லை உள்ளங்கையில் சற்று நேரம் பிடித்திருந்து, பிறகு தண்ணீரில் விடுவது. பேசவோ எழுதவோ முடியாத பிள்ளைக்கு இது உதவும்.
- பிறருக்காக வேண்டும் மூலை: மாவட்ட வரைபடம், இந்திய வரைபடம், உலக வரைபடம் மூன்றும் மாட்டி, குத்தூசிக்குப் பதில் ஒட்டும் வண்ணப் பொட்டுகளை வையுங்கள். கடலோரப் பள்ளியானால் கடலையும் சேர்த்து வரைந்த வரைபடம் வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, கன்னியாகுமரிக் கடற்கரை ஊர்களில் எத்தனையோ பிள்ளைகளின் தந்தையர் ஆழ்கடலில் இருந்தார்கள். அப்படிப்பட்ட ஒரு வாரத்தில், அப்பா எங்கே இருக்கலாம் என்று கடலில் விரல் வைத்துப் பார்க்கும் பிள்ளைக்கு நாம் ஜெபம் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அவன் நிற்க ஓர் இடம் இருந்தால் போதும்.
- கேள்வி மூலை: ஒரு சார்ட் தாளும் பேனாவும். கடவுளிடம் கேட்க நினைப்பதை எழுதலாம். ‘என் பாட்டியை ஏன் எடுத்துக்கிட்டீங்க?’, ‘அப்பா ஏன் தினமும் குடிக்கிறாங்க?’ போன்ற கேள்விகள் வரும். வரட்டும். வேதாகமத்தில் பல சங்கீதங்கள் இப்படிப்பட்ட முறையீடுகளாகவே இருக்கின்றன.
- உயர்நிலை வகுப்புகளுக்கு, நாள் முடிவில் அந்த நாளைத் திரும்பிப் பார்க்கும் பயிற்சியைச் சொல்லிக்கொடுங்கள். லொயோலா இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டில் வகுத்த பழக்கம் இது. எதற்கு நன்றி, எங்கே தவறினேன், நாளைக்கு என்ன வேண்டும் என்ற கேள்விகளை ஓர் அட்டையில் அச்சிட்டு வைத்தால் மாலையில் ஐந்து நிமிடம் போதும்.

செய்யாதீர்கள்

- இங்கிலாந்துப் பள்ளிகளில் மன்னிப்பைக் காட்ட, தண்ணீரில் நுரைத்துக் கரையும் மாத்திரையைப் பயன்படுத்துவதுண்டு. தொடக்கப் பள்ளியில் அது வேண்டாம். சிறு பிள்ளைகள் வாயில் போட்டுவிடுவார்கள்.
- கேள்வி மூலையில் எழுதிய கேள்விக்குப் பக்கத்திலேயே வசனத்தை எழுதி வாயடைக்காதீர்கள். பிள்ளை கேட்டது கடவுளிடம், நம்மிடம் அல்ல. அவனே நேரில் வந்து கேட்டால் அப்போது பேசலாம்.
- ‘அழகாக எழுதியவருக்குப் பரிசு’ என்று போட்டி வைக்காதீர்கள். மனப்பாட வசனப் போட்டிக்கு ஓய்வுநாள் பள்ளி இருக்கிறது.
- வருகைப் பதிவேடு வைக்காதீர்கள். அதிக நாள் வந்தவருக்குச் சாக்லேட், நட்சத்திரம், மதிப்பெண் எதுவும் கூடாது.
- தண்டனையாக யாரையும் இங்கே அனுப்பாதீர்கள். வீட்டுப்பாடம் எழுதாததற்கு முழங்காலில் நின்று ஜெபிக்கச் சொன்னால், அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுவதும் ஜெபத்தைத் தண்டனையாகவே நினைக்கும்.

4. நம் பேச்சு

அறையில் இருக்கும் பெரியவர் அதிகம் பேச வேண்டியதில்லை. பேசும் இரண்டு சொல்லும் சரியாக இருக்க வேண்டும்.

செய்யுங்கள்

- ‘வா தம்பி, எங்கே வேணும்னாலும் உட்காரு. எப்போ வேணும்னாலும் போகலாம்’ என்று ஒரு முறை சொல்லிவிட்டு ஒதுங்கி உட்காருங்கள்.
- நம்பிக்கையைப் பற்றிச் சொல்லும்போது ‘கிறிஸ்தவர்கள் இப்படி நம்புகிறோம்’ என்று சொல்லுங்கள். பிள்ளை தன் கருத்தைச் சொல்ல அதில் இடம் இருக்கிறது.
- ஜெபிக்கக் கேட்டு வந்தால், ‘நான் சத்தமாகச் சொல்லட்டுமா, இல்லை நீயே மனசுக்குள் சொல்கிறாயா?’ என்று கேளுங்கள். பிள்ளை சொல்வதைச் செய்யுங்கள்.
- ஜெபிப்பதானால் இரண்டு வரியில் முடியுங்கள். பிள்ளை சொன்ன அதே சொற்களைப் பயன்படுத்துங்கள்.

செய்யாதீர்கள்

- கேட்காமல் தலையில் கைவைக்காதீர்கள், தோளைப் பிடிக்காதீர்கள். எண்ணெய் பூசுவதும் வேண்டாம்.
- ‘ஜெபித்தால் அம்மாவுக்குக் கட்டாயம் குணமாகும்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். குணமாகவில்லை என்றால், தன் ஜெபம் போதவில்லை, தன்னால்தான் அம்மா போய்விட்டார் என்று அந்தப் பிள்ளை நினைக்கும். அந்தக் காயத்தை ஆற்றுவது எளிதல்ல.
- ‘உன் பாவத்தால்தான்’, ‘சாத்தானின் வேலை’, ‘முன்னோர் சாபம்’ போன்ற பேச்சு இந்த அறைக்குள் அறவே கூடாது.
- கர்த்தருடைய ஜெபத்தைத் தப்பில்லாமல் சொல்கிறானா என்று சோதிக்காதீர்கள்.
- அழுகிற பிள்ளையைச் சுற்றிக் கூட்டமாக நிற்காதீர்கள். தண்ணீர் கொடுத்து, ஒருவர் மட்டும் சற்றுத் தள்ளி உட்கார்ந்தால் போதும்.

5. பிற சமயப் பிள்ளைகள்

நம் மிஷன் பள்ளிகளில் பல வகுப்புகளில் இந்துப் பிள்ளைகளே மிகுதி. முஸ்லிம் பிள்ளைகளும் உண்டு. கடவுள் நம்பிக்கை இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. இவர்களை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதைக் கொண்டுதான் ஊர் இந்த அறையை எடைபோடும்.

மனசாட்சிச் சுதந்திரத்தால் பயன் பெற்றவர்கள் நாம் என்பதையும் மறந்துவிடக்கூடாது. 1985இல் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றும் பாடாமல் இருந்ததற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று பேர்பெற்ற அந்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் பிள்ளைகளின் பக்கம் நின்றது. மனசாட்சிக்கு விரோதமாக ஒரு பிள்ளையின் வாயைத் திறக்கவைக்கக் கூடாது என்பதே அதன் சாரம். அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்த நியாயம், நம் பள்ளியில் படிக்கும் இந்துப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும்.

செய்யுங்கள்

- அமைதியாக உட்கார விரும்பும் யாரும், பெற்றோர் சம்மதம் இருந்தால், வரலாம் என்று அறிவியுங்கள். அவரவர் வழக்கப்படி மனதுக்குள் வேண்டிக்கொள்ளட்டும்.
- ஜெபம் வேண்டாம், அமைதி மட்டும் போதும் என்கிற பிள்ளைக்குச் சிலுவை இல்லாத ஓர் ஓரத்தையோ நூலகத்தில் ஒரு மூலையையோ ஒதுக்குங்கள்.
- சம்மதம் தராத பெற்றோரின் பிள்ளைகளுக்கு அதே நேரத்தில் விளையாட்டோ வாசிப்போ இருக்கட்டும். அவர்கள் எதையோ இழந்துவிட்டதாக உணரக்கூடாது.
- ரமலான் மாதத்தில் முஸ்லிம் மாணவர்கள் தொழ இடம் கேட்டால் பரிவோடு கேளுங்கள். வேறொரு வகுப்பறையைத் திறந்துவிடுவது பெரிய காரியமல்ல. நம் பிள்ளைகளுக்கு எது வேண்டும் என்று கேட்கிறோமோ அதை மற்றவர் பிள்ளைகளுக்கும் தர மனம் வர வேண்டும்.

செய்யாதீர்கள்

- திருநீறு, குங்குமம், பொட்டு, பூ, முக்காடு எதைப் பற்றியும் வாசலில் ஒரு வார்த்தையும் பேசாதீர்கள்.
- கைப்பிரதி, புதிய ஏற்பாடு எதையும் புத்தகப்பையில் திணித்து அனுப்பாதீர்கள். வாசிக்க விரும்பினால் அறையில் இருக்கிறது.
- ‘உங்கள் வீட்டில் சொல்லாதே’ என்று எந்தப் பிள்ளையிடமும் எக்காலத்திலும் சொல்லாதீர்கள். பெற்றோருக்குத் தெரியக்கூடாத எதுவும் இந்த அறையில் நடக்கக்கூடாது.
- நேரில் பார்த்த பிற சமயப் பிள்ளையின் ஜெபத்தைச் சபைக் கூட்டத்தில் ‘சாட்சி’யாகச் சொல்லாதீர்கள்.
- கிறிஸ்தவப் பிள்ளைகளையும் சபைவாரியாகப் பிரிக்காதீர்கள். கத்தோலிக்கரோ, சி.எஸ்.ஐ.யோ, பெந்தெகொஸ்தேயோ, பாய் ஒன்றுதான். சாதி பார்த்து நண்பர்கள் குழுவாக உட்கார்ந்து இடம் பிடிப்பதையும், சாதி அடையாளக் கயிறுகளைக் காட்டி மிரட்டுவதையும் கண்டால் உடனே நிறுத்துங்கள். இதைக் கண்டும் காணாமல் விட்டுவிட்டால், அறையை எவ்வளவு அழகாக அமைத்தும் வீண்.

6. பிள்ளையின் பாதுகாப்பு

இந்தப் பகுதியைத் திரும்பத் திரும்பப் படியுங்கள். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி மதிய இடைவேளையில் வருகிறாள் என்று வையுங்கள். கூழாங்கல்லை எடுத்து நெடுநேரம் கையில் வைத்திருக்கிறாள், தண்ணீரில் விடவில்லை. போகும்போது ஒரு தாளை மடித்து, பிள்ளைகள் எழுதிப் போட அறையில் வைத்திருக்கும் பெட்டியில் போடுகிறாள். ‘சாமி, மாமா எங்க வீட்டுக்கு வரக்கூடாது’ என்று அதில் எழுதியிருக்கிறது. அதைப் படிப்பவர் அதை ஒரு ஜெபக் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு, மண்டியிட்டு வேண்டிவிட்டு வீட்டுக்குப் போனால், அவள் நம்பி ஒப்படைத்ததைக் கைவிட்டதாகிவிடும். அன்றைக்கே தலைமையாசிரியரிடம் சொல்ல வேண்டும்.

செய்யுங்கள்

- எழுதிப் போடும் பெட்டியின் மேல் இப்படி எழுதி ஒட்டுங்கள்: ‘இதைப் பொறுப்பாசிரியர்கள் இருவர் படிப்பார்கள். உனக்கு யாராவது தீங்கு செய்வதாகத் தெரிந்தால், உன்னைக் காப்பாற்ற வேண்டியவர்களிடம் சொல்வோம்.’ பிள்ளைக்கு இது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.
- பெட்டியை ஒவ்வொரு நாளும் பள்ளி முடிவதற்குள் திறந்து படியுங்கள். வாரக் கடைசி வரை தள்ளிப்போடாதீர்கள். படித்து முடித்த சாதாரணத் தாள்களைக் கிழித்து அழித்துவிடுங்கள்.
- 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, பிள்ளைக்குப் பாலியல் குற்றம் இழைக்கப்பட்டதாகவோ இழைக்கப்படலாம் என்றோ தெரியவந்தால் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்கத் தவறினால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரையிலும், நிறுவனத் தலைவராக இருந்தால் ஓராண்டு வரையிலும் சிறைத்தண்டனை உண்டு. ஆசிரியருக்கும், அருட்சகோதரிக்கும், போதகருக்கும் இதே சட்டம்தான்.
- குழந்தைகள் உதவி எண் 1098, தமிழ்நாட்டு மாணவர் உதவி எண் 14417, மனநல ஆலோசனைக்கான டெலி மனாஸ் 14416 ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் சுவரில் எழுதுங்கள்.

செய்யாதீர்கள்

- எந்தப் பெரியவரும் பூட்டிய கதவுக்குள் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக்கூடாது. மதிப்புக்குரியவர், வயதானவர், ஊழியக்காரர் என்று யாருக்கும் விலக்கு இல்லை.
- தீங்கு நேர்ந்த பிள்ளையிடம் ‘அவரை மன்னித்துவிடு’ என்று சொல்லாதீர்கள். அந்த வேளையில் பிள்ளைக்குத் தேவை பாதுகாப்பும் நியாயமும். மன்னிப்பைப் பற்றி அந்தப் பிள்ளை எப்போதாவது தானாகப் பேசினால் பேசட்டும்.
- ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று சத்தியம் செய்யாதீர்கள்.
- சாக வேண்டும்போல் இருக்கிறது என்று பிள்ளை சொன்னால், ஜெபித்து மட்டும் அனுப்பிவிடாதீர்கள். தனியே விடாமல், பெற்றோரையும் மனநல ஆலோசகரையும் அன்றே வரவழையுங்கள்.
- பள்ளியின் பேருக்குக் களங்கம் வந்துவிடும் என்று எதையும் மூடிமறைக்காதீர்கள்.

7. பொதுத் தேர்வு நாட்கள்

பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் தேர்வுக்குத் தயாராகும் மாதங்களில் இந்த அறைக்கு வேலை அதிகம். ஹால்டிக்கெட்டையும் பேனாவையும் வைத்து ஜெபிக்கும் வழக்கம் நம் பள்ளிகளில் வேரூன்றியது. அதை இன்னும் பிள்ளைகளுக்கு ஆறுதலாக்கலாம்.

செய்யுங்கள்

- பயத்தைக் குறைக்கும் ஜெபமாக இருக்கட்டும். படித்தது நினைவுக்கு வரவும், தூக்கம் நன்றாக வரவும், நண்பனும் நன்றாக எழுதவும் வேண்டலாம்.
- தேர்வு முடிவு வரும் நாளிலும் அறையைத் திறந்து வையுங்கள். விடுமுறைதானே என்று பூட்டிவிடாதீர்கள். மதிப்பெண் குறைந்த பிள்ளை பள்ளிப் பக்கம் வந்தால், உட்காரவும் பேசவும் ஆள் இருக்க வேண்டிய நாள் அதுதான்.

செய்யாதீர்கள்

- ஜெபத்தால் மதிப்பெண் கூடும் என்று சொல்லாதீர்கள். முதலிடம் வந்த மாணவனைக் காட்டி ‘தினமும் ஜெபித்தான்’ என்று விளம்பரப்படுத்தவும் வேண்டாம். தோற்ற பிள்ளையும் தினமும் வந்தவனாக இருக்கலாம்.
- எல்லாத் தேர்வர்களையும் கட்டாயமாக வரிசையில் நிறுத்தி ஆசீர்வாதக் கூட்டம் நடத்தாதீர்கள். விரும்புகிறவர் வரட்டும், மற்றவர் படிக்கட்டும்.

8. வெளியாட்களும் படங்களும்

செய்யுங்கள்

- உதவிக்கு வரும் திருச்சபை இளைஞர்களை முன்கூட்டியே விசாரித்து, ஒரு நாள் பயிற்சி கொடுத்து, எழுத்துமூலம் உறுதிமொழி வாங்கிய பிறகே அனுமதியுங்கள். ஆசிரியர் ஒருவர் எப்போதும் உடனிருக்கட்டும்.
- லெந்து காலம், திருவருகைக் காலம் போன்ற வேளைகளில் ஒரு வாரம் மட்டும் மூலைகளைப் புதிதாக அமைக்கலாம். அலங்கரிக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே விடுங்கள்.
- ஆண்டுக்கு ஒரு முறை பெயரில்லாத கருத்துத் தாள் கொடுத்துப் பிள்ளைகளையும் பெற்றோரையும் கேளுங்கள். ‘இங்கே வரும்படி யாராவது உன்னை வற்புறுத்தினார்களா?’ என்ற கேள்வி அதில் கட்டாயம் இருக்கட்டும்.

செய்யாதீர்கள்

- எழுப்புதல் கூட்டப் பேச்சாளர்களை இந்த அறைக்குள் விடாதீர்கள். அவர்களுக்கு வேறு மேடைகள் உண்டு.
- ஜெபிக்கும் பிள்ளையைப் படம் பிடிக்காதீர்கள். வாட்ஸ்அப் நிலைத்தகவலிலும், பள்ளி ஆண்டு மலரிலும், நன்கொடை கேட்கும் கடிதத்திலும் அந்தப் படம் வரக்கூடாது. இயேசு ஜெபத்தைப் பற்றிச் சொன்ன அறிவுரையே கதவைப் பூட்டிக்கொண்டு, மனிதர் காணாமல் செய் என்பதுதான்.
- ‘இந்த ஆண்டு இத்தனை பிள்ளைகள் ஜெபித்தார்கள்’ என்று கணக்கு எழுதி அனுப்பாதீர்கள். எண்ணிக்கை கேட்கத் தொடங்கினால் வற்புறுத்தல் தானாகப் பின்தொடரும்.

பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

சிந்தனை, மனசாட்சி, சமயம் ஆகியவற்றில் பிள்ளைக்குச் சுதந்திரம் உண்டு என்று ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 14ஆம் பிரிவு சொல்கிறது. இந்தியா 1992இல் அதை ஏற்றது. நாம் ஆலயத்தில் ஓதும் வேதமும் பிள்ளைகளைத் தடுக்காமல் வரவிடச் சொல்கிறது. இழுத்துவரச் சொல்லவில்லை. எனவே சட்டத்துக்கு அஞ்சி மட்டும் இந்த விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டாம். பிள்ளையின் மீது மரியாதை வைத்துக் கடைப்பிடியுங்கள்.

வரும் கல்வியாண்டில் உங்கள் பள்ளியில் ஓர் அறையைத் திறக்க நினைத்தால் இந்தப் பட்டியலை ஆசிரியர் கூட்டத்தில் வாசித்து, ஒவ்வொன்றாக விவாதியுங்கள். பெற்றோர் சம்மதமும், பொறுப்பாசிரியர்கள் இருவரும், பாதுகாப்பு ஏற்பாடும் தயாரான பிறகு திறங்கள். அவை தயாராகாதவரை திறக்காதீர்கள். ஏற்கெனவே அறை இருந்து, அங்கே ஒரு பிள்ளையாவது மனமில்லாமல் உட்கார்ந்திருந்தால், நாளைக் காலையே அந்தப் பிள்ளையிடம் ‘நீ போகலாம் கண்ணு’ என்று அன்போடு சொல்லி அனுப்புங்கள்.